பின்விளக்குக்கு மை வைத்தவர்

திண்டிவனம் விழுப்புரம் சாலையில் கண்மை அண்ணனை முந்திப் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர் பின்னால் நிம்மதியாகப் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. முன்னால் ஒரு கார் போகிறது என்பதே பலருக்கு அது நின்ற பிறகுதான் தெரியும்.

அவருடைய சொந்தப் பேர் எங்கள் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. லைசென்சில் இருந்திருக்கும். அதைப் பார்த்த போலீஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குக் கண்மை அண்ணன்தான்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகைக் கார்கள் நிற்கும் இடம். நான் ஆம்னி வேன் ஓட்டினேன். அவர் வெள்ளை அம்பாசடர். வீடு கிளியனூரில். உயரமான ஆள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எதையும் விளையாட்டாகச் செய்ததும் இல்லை. அவர் செய்ததைப் பார்த்து நாங்கள்தான் சிரித்தோம். அவருக்கு அது ஏன் என்று புரியாது.

குழந்தைக்குக் கன்னத்தில் கருப்புப் பொட்டு வைக்கிறோம். கண் படக் கூடாது என்று. அவர் காருக்கு வைத்தார். காருக்குக் கன்னம் எது என்று யாரையும் கேட்கவில்லை. அவரே முடிவு செய்துகொண்டார். பின்விளக்கு.

ஒருநாள் கேட்டேன். விளக்கமாகச் சொன்னார்.

"ஒரு வண்டிய ரோட்டுல எவன்டா அதிகமா பாக்கறான்? எதிர்ல வர்றவன் ஒரு பார்வ பாக்கறான், போய்ட்றான். பின்னாடி வர்றவன்? இங்கேர்ந்து விழுப்புரம் வரைக்கும் அந்தச் செவப்பையே பாத்துக்கினு வர்றான். அம்மாம் நேரம் ஒருத்தன் பாத்தா பச்சப் புள்ள தாங்குமா? அப்ப வண்டி எப்புட்றா தாங்கும்?"

"லைட்ட மறைச்சா வந்து இடிச்சிட மாட்டானாண்ணா?"

"கண்ணுக்குத் தெரியாத பொருள எவன்டா போய் இடிப்பான்?"

 அந்தக் கணக்கை இன்று வரைக்கும் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் அவர் நிஜமான மைதான் பூசினார். விளக்கெண்ணெய் ஊற்றித் திரி கொளுத்தி, தட்டில் கரி பிடித்து, எண்ணெயில் குழைத்து. விளக்கு முழுக்க அப்பி விடுவார். வெயிலில் அது உருகிப் பம்பரில் ஒழுகும். "அண்ணன் வண்டி அழுதுகினு போவுது பாரு" என்பார் டீக்கடைக்காரர். பெட்டி ஏற்ற வந்தவர்கள் கையெல்லாம் கரி. நிச்சயதார்த்தத்துக்குப் போன ஒரு பெரியவர் அந்தக் கையோடு மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு பெண் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது என்று கேள்வி.

அப்புறம்தான் பாண்டிச்சேரிக்குச் சவாரி போனவர் ஸ்ப்ரே பெயின்ட் டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். கருப்பு. அமுக்கினால் புகை மாதிரி வரும். அவருக்கு அது சாமி கொடுத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு, வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்துவார். விளக்கைச் சுற்றிப் பேப்பர் ஒட்டுவார், வெள்ளைப் பெயின்டில் கருப்பு படக் கூடாது என்று. ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை. பிறகு டப்பாவைக் காது பக்கத்தில் வைத்துக் குலுக்குவார். உள்ளே சின்னக் கோலிகுண்டு ஒன்று இருக்கும். கடகடவென்று உருளும். குலுக்கிக்கொண்டே இருப்பார். அடுப்பில் உலை வைத்து வந்தால் சோறு வெந்துவிடும், அவர் குலுக்கி முடித்திருக்க மாட்டார்.

"இன்னும் எம்மா நேரம்ண்ணா?"

"கோலி சொல்லும், போதும்னு."

"எப்டிச் சொல்லும்?"

"உனக்குச் சொல்லாது."

ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. காயும் வரை வாசலில் யாரும் நடக்கக் கூடாது. தூசி பறக்குமாம். தபால்காரர்கூடத் தெருக்கோடியில் நின்று கூப்பிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மாடு வந்துவிட்டது. அதற்குத் தூசி விஷயம் தெரியாது. சோற்று வாசனைக்கு வந்து பேப்பரை நக்கிப் பிய்த்துவிட்டது. அவர் அமுக்கின நேரமும் அது தலையை நீட்டின நேரமும் ஒன்று. மாட்டுக்காரம்மாள் கத்திக்கொண்டு வந்தது.

"யோவ், எம் மாட்ட இன்னாய்யா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா வந்து மூஞ்சக் காட்டுச்சு."

"தாடையெல்லாம் கருப்பா இருக்குதே!"

"நல்லதுதான். இனிமே எவன் கண்ணும் படாது. பாலு கறக்கும் பாரு."

அன்று சாயங்காலம் மாடு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கறந்ததாம். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாளே மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றது.

விக்கிரவாண்டியில் ஒருநாள் போலீஸ்காரர் மடக்கினார். நானும் பின்னாலேயே வந்து நின்றேன். அதனால் காதால் கேட்டது.

"பின்னாடி லைட்டு எங்கய்யா?"

"இருக்குதுங்க."

"எங்க இருக்குது?"

"உள்ள இருக்குதுங்க."

"எரியுதா?"

"எரியுதுங்க. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? எனக்குத் தெரியல."

"கிட்ட வாங்க சார். கையக் கொடையா வெச்சுக்கினு பொறுமையா பாருங்க. தெரியும்."

போலீஸ்காரர் குனிந்து, இரண்டு கையையும் விளக்கு மேல் குவித்து, மூக்கு ஒட்டப் பார்த்தார். கொஞ்ச நேரம் எழவே இல்லை. எழுந்தவர், "ஆமா, எரியுது" என்றார். அனுப்பிவிட்டார். வண்டி போன பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. விசில் ஊதினார். அதற்குள் என் வண்டிதான் கையில் சிக்கியது.

பிரேக் போட்டால் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமே. அதற்கும் வழி வைத்திருந்தார். பின்சீட்டில் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். யார் ஏறினாலும் அவர்கள் வேலை அது. "கூட்டேரிப்பட்டு வருது, கொஞ்சம் துண்ட ஆட்டுங்க" என்பார். காசு கொடுத்து வந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டு வருவார்கள். வாத்தியார்கள் ஆட்டியிருக்கிறார்கள். அனந்தபுரம் சந்தைக்குப் போன வியாபாரிகள் ஆட்டியிருக்கிறார்கள். அவருடைய ஒரே மகள் செல்வியின் கல்யாணத்தன்று, மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை ஏழுமலை மாலையும் கழுத்துமாகத் துண்டு ஆட்டிக்கொண்டேதான் கிளியனூருக்கு மறுவீடு வந்தான். அந்தக் கோபம் அவனுக்கு உண்டு.

கூட்டேரிப்பட்டில் ஒருமுறை துண்டு ஆட்ட ஆள் இல்லாமல் காலியாக வந்தார். ஆடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். பின்னால் மொபெட்டில் மல்லாட்டை மூட்டையோடு வந்த ஆள் நேராக டிக்கியில் மோதினான். ஆளுக்கு அடி இல்லை. மூட்டை கிழிந்து ரோடு பூரா வேர்க்கடலை. ஊரே பொறுக்கியது, வாயில் பாதி, மூட்டையில் பாதி.

"லைட்டு இல்லாம வண்டி ஓட்றியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றான் அவன்.

அண்ணன் அவனைக் கவனிக்கவில்லை. எங்களைப் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களாடா? இம்மாம் மறைச்சும் கண்டுபுடிச்சு வந்து இடிச்சிட்டான். எம்மாங் கண்ணு பாரு இவனுக்கு."

அந்த வாரம் கூடுதலாக ஒரு பூச்சு பூசினார்.

நான் வேன் வாங்கிய புதிதில் டப்பாவோடு வந்து நின்றார். காது பக்கத்தில் வைத்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்.

"வேணாண்ணா."

"சின்னதா."

"வேணாண்ணா."

"சரி. பின்னாடி பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. கோபம் இல்லை. பயம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஸ்டாண்டில் நான் ஒருவன்தான் கேட்டேன். மத்தியானம், சவாரி இல்லாத நேரம். அவர் ஸ்டாண்டில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்துவார். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

செல்வி சின்னப் பெண்ணாக இருக்கும்போது அண்ணிக்கு உடம்பு முடியாமல் போனது. கிளியனூரிலிருந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியில் கொண்டு போனார். மழை. இருட்டு. அன்றைக்கென்று பின்விளக்கு ஒன்று பழுது.

"பின்னாடி ஒரு லாரிக்காரன் வந்தான். நான் மெதுவா போனா அவனும் மெதுவா வர்றான். ஜல்தியா போனா அவனும் வர்றான். எடம் வுட்டேன், முந்தல. லைட்டப் போட்டு எங்களையே பாத்துக்கினு வந்தான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தான். நான் எறங்கிப் பாக்கறதுக்குள்ள போய்ட்டான். உள்ள அவ உசுரு இல்ல."

 கையில் டீ ஆறிப்போயிருந்தது.  அதன்பிறகு அவர் பூசுவதைப் பார்த்து நான் சிரித்ததில்லை.

பல வருஷம் போனது. நாலுவழிச் சாலை போட ஆரம்பித்தார்கள். செல்விக்கு வளைகாப்பு வந்தது. தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் ஏழுமலை வீட்டில். வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது முறை. அண்ணி இல்லாத வீடு. ஆனாலும் அவர் வாசலுக்கு வெள்ளையடித்திருந்தார். கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கியிருந்தார். கலவைச் சோற்றுக் குண்டான்களும் கிளியனூர்ப் பெண்களும் என் வேனில். அவர் வண்டியில் யாரையும் ஏற்றவில்லை. செல்வி உட்காரும் சீட்டு அழுக்காகுமாம்.

சாப்பாடு முடிந்தது. புறப்படும் நேரத்தில் ஏழுமலை வாசலில் வந்து நின்றான். அவன் பஸ் டிரைவர்.

"மாமா, கூட்டிக்கினு போங்க. மொற அதான். ஆனா இந்த வண்டியில வேணாம்."

"இதுலதான் வரணும். அவ ஆத்தா இருந்தா இதுலதான் வந்து கூட்டிக்கினு போவா."

"பின்னாடி லைட்டு இல்ல."

"இருக்குது."

"உள்ள இருக்குதுன்னு சொல்லாதீங்க மாமா. நான் தெனமும் பஸ்ஸு ஓட்றவன். கரும்பு டிராக்டரு லைட்டு இல்லாம போவும். கிட்டப் போற வரைக்கும் தெரியாது. உங்க வண்டியும் அப்டித்தான். உள்ள ரெண்டு உசுரு போவப்போவுது."

"துண்ட ஆட்டிக்கினு போலாமே" என்றது ஒரு கிழவி.

ஏழுமலை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கிழவி உள்ளே போய்விட்டது.

"ஆம்னியில அனுப்பலாம்" என்றான்.

 அண்ணன் வண்டிச் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றார். அந்த மாதிரி முகத்தை நான் ஸ்டாண்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். பெண்ணைத் தன் வண்டியில் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். அது நடக்காது போலிருந்தது.

செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தது. கை நிறைய வளையல்.

"நான் எங்கப்பா வண்டியிலதான் போவேன். ஆனா அத அழிச்சிடுப்பா."

"அழிச்சா..."

"எனக்குத்தான் வெச்சுவுட்டிருக்காங்களே" என்று கன்னத்தைக் காட்டியது. பெண்கள் வைத்த கருப்புப் பொட்டு இருந்தது.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "அது போதுமா?" என்றார்.

"போதும்ப்பா."

தெருவில் ஒரு பெயின்டர் வீட்டிலிருந்து பெயின்டைக் கரைக்கிற தின்னர் வாங்கி வந்தோம். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தார். அத்தனை வருஷப் பூச்சு. லேசில் போகவில்லை. போகப்போகக் கீழே இன்னொரு பூச்சு. ஏழுமலையும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாங்கள் மாறி மாறித் தேய்த்தோம். கடைசியில் கருப்பு போனது. தின்னர் பட்டுச் சிவப்பும் போனது. பிளாஸ்டிக் வெளுத்து, நரம்பு நரம்பாக விரிந்து, நீர்மோர் மாதிரி நின்றது. விளக்கைப் போட்டால் வெள்ளையாக எரிந்தது.

"போச்சு" என்றான் ஏழுமலை. "பின்னாடி வர்றவன், வண்டி எதிர்ல வருதுன்னு நெனைப்பான். பேஜாரு மாமா."

ஞாயிற்றுக்கிழமை. கடை எதுவும் இல்லை. அதோடு தேய்த்ததில் நேரம் போய்விட்டது. நாலரைக்கு ராகு காலம் பிடித்துக்கொண்டது. இனி ஆறு மணிக்கு மேல்தான் பெண்ணை வாசல் தாண்ட விடுவோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். தை மாதத்தில் ஆறு மணி தாண்டினால் இருட்டு.

நான் சொன்னேன். "நான் பின்னாடி ஒட்டிக்கினு வர்றேன். என் லைட்டு ரெண்டு வண்டிக்கும்."

ஏழுமலை யோசித்தான். "இந்த அண்ணன் பின்னாடி வந்தா சரி. நானும் ஆம்னியிலயே வர்றேன்" என்றான்.

கண்மை அண்ணன் என் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். 

"பின்னாடி வேணாம்டா. அன்னிக்கும் ஒருத்தன் அப்டித்தான் வந்தான்."

"நான் வண்டியப் பாக்க மாட்டேண்ணா. ரோட்டத்தான் பாப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் வண்டி முன்னால் போனது. என் வண்டி பின்னால். பார்க்காமல் எப்படி ஓட்டுவது? பார்த்தேன். பின்கண்ணாடியில் செல்வியின் தலையும் பூவும் என் வெளிச்சத்தில் தெரிந்தன. பள்ளம் வந்தால் அவர் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுவார். நானும் வருவேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. நான் இடம் விடவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் என் பக்கத்தில் இருந்த ஏழுமலை எதையோ தேடினான். அண்ணன் வண்டியிலிருந்து அந்தச் சிவப்புத் துண்டை அவனே எடுத்து வந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்ட ஆரம்பித்தான். யாரும் ஆட்டச் சொல்லவில்லை. கிளியனூர் வரைக்கும் ஆட்டிக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். செல்வி இறங்கியது. என் வேன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னது.

"அம்மாவக் கொண்டு போனப்பவும் உன் லைட்டு பழுதுன்னு சொல்லுவ இல்ல? அந்த லாரிக்காரரும் இப்டித் தொணைக்குத்தான் வந்தாரோ என்னமோப்பா."

 ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் ஊற்றினார்கள். பெண்ணை உள்ளே கூட்டிப் போனார்கள். அவர் மட்டும் வாசலில் நின்று என் வேன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமத்துடா, கண்ணு கூசுது" என்றார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் விளக்கை அணைத்தேன். அதன்பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஸ்டாண்டுக்கு வந்தார். பின்னால் புது விளக்கு மாட்டியிருந்தார். சிவப்பு. டீக்கடைக்காரர் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். மூலையில் ஒரு சின்னப் பொட்டு மட்டும் இருந்தது, குழந்தைக் கன்னத்துக்கு வைக்கிற அளவு. வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தவில்லை.

நேராக என் வேன் பின்னால் போனார். டப்பாவைக் குலுக்கினார். மூடியில் கொஞ்சம் அடித்து, விரல் நுனியால் தொட்டார்.

"வழி பூரா ஊரே உன் பின்னாடி வந்துச்சுடா. எல்லாப் பேரும் உன்னத்தான் பாத்துக்கினு வந்தானுங்க" என்றார்.

வேணாண்ணா என்று சொல்லவில்லை. வைக்கட்டும் என்று நின்றேன்.

செல்விக்குப் பெண் பிறந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஸ்டாண்டுக்கு வருவார். சில வருஷம் வந்தார். இப்போது அவர் இல்லை. அம்பாசடரை ஏழுமலை வைத்திருக்கிறான். டப்பாவை என்னிடம் கொடுத்தான்.

எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. அந்த வேனை விற்றுவிட்டேன். போன மாதம் வேறு வண்டி எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு அதைத் திருப்பி நிறுத்தினேன். டப்பாவைக் காது பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். கோலி உருண்டது. போதும் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதான், எனக்குச் சொல்லாது.

இன்னும் கொஞ்ச நேரம் குலுக்கிக்கொண்டு நின்றேன்.